ஒரு தரம்... ரெண்டு தரம்... க்ளிக்!

காலையில சீக்கிரம் எழுந்திரிக்கிற பழக்கம் இருக்கா பாஸ்? ஹாஸ்டல்வாசின்னா சான்ஸே இல்லைன்னு தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு நாள் அலாரம் வெச்சு எழுந்து, ஈசிஆரைத் தாண்டி காலாப்பட்டு கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்க. ஃபைபர் போட்டுகள் கரைக்கு வரும். வலையிலிருந்து மீனை உதறிக் கூறு கட்டுவாங்க. அடுத்த நிமிஷம் ஏலம் ஆரம்பிச்சிடும். சுத்தி நிக்கிற மீன்காரம்மாக்கள்கிட்ட கால்குலேட்டரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஆனா கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை மட்டும் கண்டிப்பா செய்வாங்க. மீனோட செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க. சிவப்பா இருந்தா விலை ஏறும். வெளுத்திருந்தா, எவ்வளவு கூவினாலும் வாய் திறக்க மாட்டாங்க.

இப்போ உங்க ஹாஸ்டல் ரூமுக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணி. ஸ்க்ரீன்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா. 'இன்னும் 3 நிமிடங்கள்'னு கடிகாரம் குறைஞ்சுக்கிட்டே வருது. உங்களுக்கு மேல எவனோ ஒருத்தன் நூறு ரூபா ஏத்திக் கேட்கிறான். உங்க விரல் மவுஸ் மேல துடிக்குது.

ஒரே கேள்வி: செவுளைத் தூக்கிப் பார்த்தீங்களா?

ஆன்லைன் ஏலத்துல நல்லது என்ன, கெட்டது என்னன்னு இந்த ஒரு கேள்வியை வெச்சே அலசிடலாம், வாங்க!

உடைஞ்ச பொருளுக்கும் ஆள் உண்டு!

கதை 1995-ல ஆரம்பிக்குது. பாரிஸ்ல பிறந்து அமெரிக்காவுல வளர்ந்த பியர் ஒமிட்யார்ங்கிற கம்ப்யூட்டர் இளைஞர், அந்த வருஷம் செப்டம்பர்ல 'ஆக்‌ஷன்வெப்'னு ஒரு தளத்தை ஆரம்பிச்சார். அதுல அவர் சோதனைக்காகப் போட்ட பொருள், உடைஞ்சுபோன ஒரு லேசர் பாயின்ட்டர். அது 14.83 டாலருக்கு விலை போச்சு! அவரே ஆச்சரியப்பட்டு, 'இது வேலை செய்யாதுன்னு தெரியும்தானே?'ன்னு வாங்கினவர்கிட்ட விசாரிச்சாராம். 'நான் உடைஞ்ச லேசர் பாயின்ட்டர்களைத்தான் சேகரிக்கிறேன்'னு பதில் வந்துச்சாம். அந்தத் தளம்தான் பின்னாடி 'ஈபே' ஆச்சு.

நம்ம நாட்டுல 2000-ம் ஆண்டு அவ்னிஷ் பஜாஜ், சுவிர் சுஜன்னு ரெண்டு பேர் சேர்ந்து 'பாஜீ டாட் காம்' ஆரம்பிச்சாங்க. 2004-ல சுமார் 5 கோடி டாலர் கொடுத்து ஈபே அதை வாங்கி, ஈபே இந்தியாவா மாத்துச்சு. பழைய செல்போன்ல இருந்து ஸ்டாம்ப், நாணயம் வரைக்கும் அதுல விலை கேட்ட சீனியர்கள் உங்க காலேஜ்லயே இருந்திருப்பாங்க. 'பைசாபே'ன்னு ஒரு வசதியும் இருந்துச்சு. நீங்க கட்டுற பணம் உடனே விற்கிறவர் கைக்குப் போகாது. நடுவுல நிறுத்தி வெச்சுத்தான் கொடுப்பாங்க. 2017-ல ஈபே இந்தியாவை ஃப்ளிப்கார்ட் வாங்கிச்சு. 2018 ஆகஸ்ட் 14-ம் தேதியோட அந்த இந்தியத் தளத்துக்கு மூடுவிழா. ஈபேயோட உலகத் தளம் இன்னும் இருக்கு. அங்கே இந்தியாவிலிருந்து வாங்கறவங்களும் விற்கறவங்களும் உண்டு. இது தவிர நாணயம், ஸ்டாம்ப்புக்குன்னே மும்பை, பெங்களூருல இருக்கிற ஏல நிறுவனங்களும் ஆன்லைன்ல விலை கேட்க விடுறாங்க.

இவ்வளவு ஏன், கவர்ன்மென்ட்டே இதுல இருக்கு. வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வேணுமா? நம்ம புதுச்சேரி போக்குவரத்துத் துறையும் அதை ஆன்லைன்லதான் ஏலம் விடுது. 2010-ல 3ஜி அலைக்கற்றையை மத்திய அரசு ஆன்லைன்ல ஏலம் விட்டப்போ, 34 நாள், 183 சுற்று நடந்து, சுமார் 67,700 கோடி ரூபா வந்துச்சு.

எதுக்கு ஏலம், எதுக்குக் கடை?

இதுதான் மேட்டர். ஒரு பொருளுக்கு விலை என்னன்னு யாருக்கும் தெரியாதப்போ, அந்த விலையைக் கண்டுபிடிக்கிற கருவிதான் ஏலம். மீனுக்கு ஏன் ஏலம்? இன்னைக்கு எவ்வளவு மீன் படும்னு நேத்து யாருக்கும் தெரியாது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஏன் ஏலம் இல்ல? விலை மேலேயே அச்சடிச்சிருக்கு!

ஒரு நம்ம ஊர் உதாரணம். பாண்டிச்சேரிக்காரர் வீட்டுப் பரண்ல, தாத்தாவோட டிரங்குப் பெட்டியில ஒரு ஸ்டாம்ப் ஆல்பம் இருக்குன்னு வெச்சுக்குவோம். பிரெஞ்சிந்தியாவுக்குன்னு 1892-லயே தனி ஸ்டாம்ப் வந்துடுச்சு. 1914-ல பிரம்மா படம் போட்ட ஸ்டாம்ப் வந்துச்சு. 1923-லேர்ந்து காசு, பணம், ரூபாய்னு நம்ம ஊர்க் கணக்குலயே விலை போட்டாங்க. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1954 நவம்பர் 1-ல ஆட்சி கைமாறினதோட அந்தக் கதை முடிஞ்சுது. இதை எம்.ஜி. ரோடு சண்டே மார்க்கெட்ல விரிச்சா என்ன கிடைக்கும்? அந்த வழியா யார் போறாங்களோ, அவங்க மனசுல தோணின விலை. ஆன்லைன் ஏலத்துல போட்டா? இதையே தேடிக்கிட்டிருக்கிற ஒருத்தர் பாரிஸ்லயும் இன்னொருத்தர் டோக்கியோவுலயும் இருக்கலாம். அவங்க ரெண்டு பேரும் போட்டி போட்டாத்தான் உங்க ஆல்பத்தோட நிஜ மதிப்பு உங்களுக்கே தெரியும்.

ஆக, ப்ளஸ் பாயின்ட்டுகள் இவை. அபூர்வமான பொருளுக்கு உலகம் பூரா வாடிக்கையாளர். நடுவுல புரோக்கர் கிடையாது. கடை வாடகை கிடையாது. அச்சுல இல்லாத புத்தகம், எல்லாரும் கைவிட்ட பழைய கேமராவுக்கான லென்ஸ், தயாரிப்பு நின்னுபோன கருவிக்கு ஒரு ஸ்பேர் பார்ட்... இதெல்லாம் கடையில தேடிக் கிடைக்காது, ஏலத்துல கிடைக்கும். விற்கறவரைப் பத்தி முன்னாடி வாங்கினவங்க எழுதின கருத்தையும் படிக்கலாம். கடற்கரையில கூட இந்த வசதி கிடையாது!

ஆனா புது செல்போனையோ ப்ராண்டட் ஷூவையோ ஏலத்துல கேட்கப் போனா? அதோட விலை பத்துக் கடையில எழுதியே இருக்கு. ஏலத்துல ஒரு வேளை கொஞ்சம் குறையலாம். பதிலுக்கு வாரன்ட்டி சந்தேகம், ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு சந்தேகம், வருமா வராதான்னு சந்தேகம். அதனாலதான் ஏலத்துல பிறந்த ஈபேயிலயே இன்னைக்குப் பெரும்பாலான பொருள் நிலையான விலையில விற்குது.

ஜெயிச்சவன் தோத்த கதை

ஹாஸ்டல்ல ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்க. ஒரு கண்ணாடி பாட்டில்ல சில்லறையைக் கொட்டி மூடிடுங்க. உள்ளே எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரியணும். விங்ல இருக்கிற எல்லாரையும் ஆளுக்கொரு சீட்டுல விலை எழுதச் சொல்லுங்க. அதிகமா எழுதினவருக்கு பாட்டில்ல இருக்கிற காசு. அவர் எழுதின தொகையை உங்ககிட்ட கட்டணும்.

அமெரிக்காவுல பேஸர்மேன், சாமுவேல்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பாஸ்டன் பல்கலைக்கழக எம்பிஏ மாணவர்களை வெச்சு இதைச் செஞ்சு, 1983-ல முடிவை வெளியிட்டாங்க. பாட்டில்ல இருந்தது 8 டாலர். மாணவர்கள் போட்ட மதிப்போட சராசரி 5.13 டாலர்தான். அதாவது பொதுவா எல்லாரும் குறைச்சுத்தான் நினைச்சாங்க. ஆனா ஏலத்துல ஜெயிச்சவங்க கட்டின சராசரி தொகை 10.01 டாலர். ஜெயிச்சவருக்குச் சராசரியா 2 டாலர் நஷ்டம்! படிச்சதோ எம்பிஏ!

ஏன் இப்படி? கும்பல்ல பாதிப்பேர் குறைச்சு நினைப்பாங்க, சிலர் கூட்டி நினைப்பாங்க. ஏலத்துல ஜெயிக்கிறது யாரு? எல்லாரையும் விடக் கூட்டி நினைச்ச ஆள்தான். அதாவது, அதிகமாத் தப்புக் கணக்குப் போட்டவருக்குத்தான் கப்பு கிடைக்குது. இதுக்கு 'ஜெயிச்சவன் சாபம்'னே பொருளாதாரத்துல பேர் இருக்கு. உங்க அம்மாவைக் கேளுங்க, ஏலச்சீட்டுல இதையே வேற மாதிரி சொல்வாங்க: 'அவசரக்காரன்தான் அதிகமாத் தள்ளி எடுப்பான்.'

ஸ்க்ரீன்ல 'வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்'னு வரும்போது ஒரு செகண்ட் யோசிங்க. கேமராவை நீங்க ஜெயிக்கல, விலை கொடுத்து வாங்கியிருக்கீங்க. மத்த அத்தனை பேரும் 'இதுக்கு மேல இது தாங்காது'ன்னு ஒதுங்கின விலைக்கு!

அந்தக் கடைசி பத்து செகண்ட்

இதுலேர்ந்து தப்பிக்க வழி இருக்கா? இருக்கு. ஈபே மாதிரி தளங்கள்ல நீங்க ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து ஏத்திக் கேட்க வேண்டியதில்லை. 'என் அதிகபட்ச விலை 2,000'னு ஒரு தடவை போட்டுட்டா, தளமே உங்களுக்காகக் கேட்கும். அடுத்த ஆள் அதிகபட்சம் 1,450-தான் போட்டிருக்கார், ஏத்தம் 50 ரூபான்னா, உங்களுக்கு 1,500-க்கே முடிஞ்சிடும். மீதி 500 உங்க பாக்கெட்லயே இருக்கும். இதனால, மனசுல இருக்கிற நிஜமான விலையைச் சொல்றதுல உங்களுக்கு நஷ்டமே இல்ல. இந்த மாதிரி 'ரெண்டாவது விலை' ஏலத்தோட தத்துவத்தை 1961-லயே எழுதினவர் வில்லியம் விக்ரி. 1996-ல அவருக்கு நோபல் பரிசு அறிவிச்சாங்க. பாவம், அறிவிச்ச மூணே நாள்ல மனுஷர் இறந்துட்டார்.

இவ்வளவு எளிய வழி இருந்தும் பலர் கடைசி நொடி வரைக்கும் பதுங்கியிருந்து பாயறாங்க. ஏன்? ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் ரெண்டு பேரும் 2002-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஈபேயில குறிச்ச நேரத்துல கதவு சாத்திடும். அப்போ அமேசான் நடத்தின ஏலத்துல, கடைசி நேரத்துல யாராவது கேட்டா நேரம் நீளும். நம்ம கடற்கரையில 'ஒரு தரம், ரெண்டு தரம்'னு இழுக்கிற மாதிரி. கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயிலதான் அதிகம்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. நேரம் நீளாத இடத்துல, எதிராளிக்கு யோசிக்க அவகாசம் கொடுக்காம அடிக்கப் பார்க்கிறாங்க.

அந்தப் பத்து செகண்ட்ல நீங்களும் கோபத்துல ஏத்திக் கேட்டா அவ்வளவுதான். அதனால இன்னைக்கே ஒரு பேப்பர்ல உங்க கடைசி விலையை எழுதி, லேப்டாப் மேல ஒட்டிடுங்க. மெஸ் பில்லையும் பரீட்சை ஃபீஸையும் மனசுல வெச்சு பகல்ல எழுதின விலை அது. ராத்திரி ரெண்டு மணி விரலுக்கு அதை மாத்துற உரிமை கிடையாது!

செவுள் வெளுத்த மீன்கள்

சரி, ஏமாத்து வேலைகளுக்கு வருவோம்.

முதல் ரகம், ஆள் வெச்சு ஏத்துறது. விற்கிறவரே இன்னொரு பேர்லயோ, ஃப்ரெண்டை வெச்சோ விலை கேட்டு ஏத்தி விடுவார். ஈபே இதைத் தடை செஞ்சிருக்கு. ஆனாலும் சுத்தமா ஒழிச்சுட முடியாது. ஒரே ஆள் அந்த ஒரே விற்பனையாளர் பொருளுக்கே திரும்பத் திரும்ப விலை கேட்டு, எதையும் வாங்காமப் போயிருந்தா சந்தேகப்படுங்க.

ரெண்டாவது ரகம், க்ளிக்குக்குக் காசு. ஜெர்மனியில 2005-ல ஆரம்பிச்சு, பின்னாடி 'ஸ்வூப்போ'ன்னு பேர் மாத்தின தளம் இதுக்குப் பேர்போனது. ஒவ்வொரு தடவை விலை கேட்கவும் கட்டணம். கணக்குப் போடுங்க: ஒரு க்ளிக்குக்குக் கட்டணம் 10 ரூபா, விலை ஏறுறது 1 ரூபா. 'லேப்டாப் வெறும் 1,000 ரூபாய்க்குப் போச்சு'ன்னு விளம்பரம் வரும். 1,000 ரூபா ஏறணும்னா 1,000 க்ளிக். அதுல 10,000. ஆக தளத்துக்குக் கிடைச்சது 11,000. தோத்தவங்க எல்லாரும் க்ளிக் காசையும் விட்டுட்டு வெறுங்கையோட போவாங்க. பேர் ஏலம், வேலை லாட்டரி! 2011-ல ஸ்வூப்போ மூடப்பட்டுச்சு. ஆனா ஐடியா சாகல. இந்த மாதிரி ஆப் எதையாவது பார்த்தா ஓடிடுங்க.

மூணாவது ரகம், 'உங்க கிட்ட பழைய அஞ்சு ரூபா காயின் இருக்கா? லட்சக்கணக்குல விலை போகும்!' ஆசையா நாம போன் பண்ணினா, 'கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்க'ன்னு நம்மகிட்டயே கறப்பாங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இதைப் பண்ணினாங்க. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே 'எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நாங்க எந்தக் கமிஷனும் கேட்கிறதில்லை'ன்னு எச்சரிக்கை விட்டுச்சு.

நாலாவது ரகம்தான் ரொம்ப சாதாரணம், ரொம்ப ஆபத்து. 'தளத்துல கமிஷன் ஜாஸ்தி, நேரா எனக்கு அனுப்பிடுங்க, விலையைக் குறைச்சுத் தர்றேன்'னு மெசேஜ் வரும். தளத்தை விட்டு வெளியே பணம் போச்சுன்னா, தளத்தோட பாதுகாப்பும் போச்சு. அதே மாதிரி நீங்க விற்கிறவரா இருந்து, வாங்கறவர் 'க்யூஆர் கோட் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வரும்'னா, உடனே கட் பண்ணுங்க. யுபிஐயில பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல. பின் போட்டா பணம் உங்க அக்கவுன்ட்லேர்ந்துதான் போகும்!

விற்கிறவர் நீங்களா? உஷார்!

வாங்கும்போது போனா பணம்தான் போகும். விற்கும்போது தப்புப் பண்ணினா வாழ்க்கையே போகலாம். சும்மா பயமுறுத்தல, நடந்த கதை இது.

2004 நவம்பர்ல, கரக்பூர் ஐஐடி மாணவர் ஒருத்தர் பாஜீ தளத்துல ஒரு பொருளை விற்பனைக்குப் போட்டார். பள்ளி மாணவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு அந்தரங்க செல்போன் வீடியோ. விலை 125 ரூபா. தளம் அதைச் சீக்கிரமே எடுத்துடுச்சு. ஆனா விஷயம் போலீஸுக்குப் போச்சு. அந்த மாணவர் கைது. டிசம்பர்ல தளத்தோட தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜும் கைது. நாடே பேசின வழக்கு. பஜாஜ் மேல இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை 2012-ல உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சுது. தளம் நடத்தறவங்களுக்கு எந்த அளவு பொறுப்புன்னு 2008-ல சட்டத்தையே திருத்தினாங்க. இன்னைக்கு, தளம் தன் கடமையைச் செஞ்சிருந்தா தப்பிக்க வழி இருக்கு. பொருளைப் போட்டவருக்கு அந்த வழி கிடையாது. காலாப்பட்டுல காலேஜ் மட்டும் இல்ல, மத்திய சிறைச்சாலையும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு க்ளிக் தூரம்தான், மறந்துடாதீங்க!

இன்னும் ரெண்டு விஷயம். 100 வருஷத்துக்கு மேல் பழமையான காசு, சிலை, ஓவியம் எல்லாம் 1972-ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். கையெழுத்துச் சுவடின்னா 75 வருஷமே போதும். அதை நீங்க வெளிநாட்டுக்கு பார்சல் பண்றது குற்றம். தாத்தா பெட்டியில பிரெஞ்சுக் கம்பெனி காலத்துக் காசு இருந்தா, வெளிநாட்டுக்காரருக்கு விற்கிறேன்னு கிளம்பாதீங்க. ஆல்பத்துலயும் 100 வருஷம் தாண்டினது இருந்தா, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க. அடுத்தது, திருட்டுப் பொருள். பில் இல்லாத செல்போனை 'சீப்பா கிடைக்குது'ன்னு வாங்கினா, தெரிஞ்சே வாங்கினதா முடிவானா நியாய சன்ஹிதா 317-வது பிரிவு உங்க மேலயும் பாயும். சந்தேகம்னா, பக்கத்துலயே அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கு. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அங்கே படிக்கிற ஃப்ரெண்டைக் கேளுங்க!

கட் பண்ணி ரூம்ல ஒட்டிக்கோங்க!

* இதே பொருள் கடையில என்ன விலை? கடையிலயே கிடைச்சா ஏலம் எதுக்கு?
* இதே மாதிரி பொருள் முன்னாடி என்ன விலைக்கு முடிஞ்சுதுன்னு பாருங்க. கேட்கிற விலையை நம்பாதீங்க, முடிஞ்ச விலைதான் விலை.
* உங்க கடைசி விலையில தபால் செலவையும் சேருங்க. வெளிநாட்டுப் பொருள்னா சுங்க வரியையும் சேருங்க.
* விற்கிறவரைப் பத்தின மோசமான கருத்துகளை முதல்ல படிங்க. புகழ்ச்சியை அப்புறம் படிக்கலாம்.
* இன்னும் ரெண்டு போட்டோ கேளுங்க. கீறல் எங்கே, உடைசல் எங்கேன்னு நேரா கேளுங்க. பதில் சொல்லாதவர்கிட்ட வாங்காதீங்க.
* பணம் தளத்துக்குள்ளதான். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க.
* ஏமாந்துட்டீங்களா? வெட்கப்பட்டு ஒளிக்காதீங்க. உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் நிக்க அவ்வளவு வாய்ப்பு.

திரும்பவும் கடற்கரைக்கு வருவோம். விலை தன் கணக்கைத் தாண்டினதும் அந்த மீன்காரம்மா என்ன செய்வாங்க தெரியுமா? சத்தம் போட மாட்டாங்க, வருத்தப்பட மாட்டாங்க. கூடையை இடுப்புல வெச்சுக்கிட்டு அடுத்த போட்டு பக்கம் நடப்பாங்க. இந்தக் கூறு போனா அடுத்த கூறு வரும்னு அவங்களுக்குத் தெரியும். அந்த கேமராவும் அப்படித்தான் பாஸ், அடுத்த வாரம் இன்னொண்ணு வரும்.

இப்போ லேப்டாப்பை மூடிட்டுத் தூங்குங்க. காலையில கடற்கரைக்குப் போகணும், ஞாபகம் இருக்குல்ல?